பேய்களைத் தரம் பிரித்தவர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய மகனின் பெயரையும் எழுதப்போவதில்லை. மகனின் பெயரை ஒருமுறை எழுதியிருக்கிறேன், கணினியில், பெரிய எழுத்தில், பிழையில்லாமல். ஆயுளுக்கு அது போதும்.

நியூசிலாந்தில், ஹில்ஸ்பரோவில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு மரவேலி மட்டும்தான். நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார், இருவரும் கத்தோலிக்கர். அவரை அண்ணை என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். தலைமயிர் கழன்று வயிறு முன்னுக்கு வந்துவிட்ட ஒருவனைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் அதிகம் பேர் மிச்சமில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

புக்கெகோஹியில் ஒரு மரக்கறிக் கொட்டகையில் அவருக்கு வேலை. விடியமுன் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே பெல்ட்டில் வெங்காயம் ஓடிவரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பழுதானதை எடுத்துக் கழிவுப் பெட்டிக்குள் போட வேண்டும். வெங்காயத்தின் வெளித்தோலை நம்பக்கூடாது என்று எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். மேலே பொன் மாதிரி மினுங்கும். கழுத்தில் பெருவிரலை வைத்து அமத்தினால் பொதுக்கென்று உள்ளே போகும். அவருடைய விரல் ஒரு வெங்காயத்தில் அரை விநாடிக்கு மேல் நிற்பதில்லை. மாதம் ஒருமுறை எங்கள் வாசலில் ஒரு பை வெங்காயம் இருக்கும். அந்தப் பையில் ஒன்றுகூடப் பழுதாக இருந்ததில்லை.

நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் மற்றவர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிறவன். நாகரிகமாகச் சொன்னால் மதிப்பீட்டாளன். உண்மையைச் சொன்னால், மனிதர்கள் சொல்வதை நம்பாமலிருக்கச் சம்பளம் வாங்குகிறவன். ஆக, அந்த வேலியின் இரண்டு பக்கத்திலும் ஒரே தொழில்தான் நடந்துகொண்டிருந்தது.

ஒக்டோபர் கடைசி வாரம் வந்தால் தொலைக்காட்சியில் பேய்கள் இறங்கும். இது வடக்கே இருப்பவர்கள் தங்கள் காலநிலைக்கு அளவெடுத்துத் தைத்த வழக்கம். அங்கே அது இலை கொட்டுகிற காலம். பின்னேரமே இருட்டிவிடும், கணப்பு எரியும், ஆவிக்கதை கேட்டுக் குளிருக்கு இன்னும் கொஞ்சம் நடுங்கலாம். அதே நாட்காட்டியைக் கப்பலில் ஏற்றிப் பூமியின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இங்கே அது வசந்தம். கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருப்பார்கள். மாலை ஏழு மணிக்கும் வெயில் அடிக்கும், முன் வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருப்பார். அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குள் ஒரு பேய் எவ்வளவுதான் ஓலமிடும்?

அண்ணை வேலையால் வந்து குளித்து, சாப்பிட்டு, ஆறு மணிக்குக் கண்ணாடிக் கதவின் மேல் ஒரு தடித்த போர்வையை ஆணியில் மாட்டுவார். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பதற்காக அல்ல, திரையில் வெயில் பட்டால் பேய் தெரியாது என்பதற்காக. அந்த ஒரு வாரமும் பேய்ப்படம், பேய்த்தொடர், பேய் வீடுகளைக் கமெராவோடு சுற்றிப்பார்க்கும் நிகழ்ச்சி, ஒன்றும் விடமாட்டார். துணைக்கு என்னைக் கூப்பிடுவார். ஆவிக்கதைகளைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன், அவற்றின் சமூகப் பின்னணி குறித்து ஒரு மணித்தியாலம் கதைக்கவும் கூடியவன். பார்க்கத்தான் முடியாது. வாத்தியத்தின் ஒலி கொஞ்சம் ஏறத் தொடங்கியதும் எனக்குச் சிறுநீர் முட்டும். அவர்கள் வீட்டுக் குளியலறை ஓடுகளின் எண்ணிக்கை எனக்கு இன்றைக்கும் தெரியும்.

அவர் பயப்படமாட்டார், சிரிக்கவுமாட்டார். பெல்ட்டைப் பார்ப்பதுபோலத் திரையைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் பெருவிரலைக் கதிரைக் கைப்பிடியில் ஒருமுறை அமத்துவார். "கழிவு" என்பார். கிணற்றில் விழுந்து செத்தவள் காய்ந்த தலையோடு வந்தால் கழிவு. வாழ்ந்த வீட்டுக்குப் போகாமல் முன்பின் தெரியாதவன் வீட்டில் போய்க் கோப்பை உடைக்கிற பேய் கழிவு. இருட்டினால் மட்டும் வருகிற பேய்களில் அவருக்குத் தனி வெறுப்பு.

"உதுகளுக்கு என்ன தம்பி, நைற் ஷிப்ற் மட்டுமோ?"

எப்போதாவது ஒன்று தேறும். அப்போது ஒன்றும் சொல்லமாட்டார். முன்னுக்குச் சாய்ந்து, அந்தப் பேய் யாரிடம் வந்தது, எத்தனை நாள் கழித்து வந்தது, எந்த வாசலால் வந்தது என்று பார்ப்பார். அக்கா அந்த நேரங்களில் குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். கழுவுவதற்கு ஒன்றும் இராது.

அவர்களுக்கு ஒரே மகன். போரின் கடைசி மாதங்களில், பத்தொன்பது வயதில், பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனான். பிறகு யாரோ ஒரு மனிதர் அவன் கொண்டுபோன மஞ்சள் தண்ணீர்க் கானைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிப்போனார். எங்கே எடுத்தார், ஏன் அவர் கையில் வந்தது என்று கேட்பதற்குள் ஆள் இல்லை. கான் நிறையத் தண்ணீர் இருந்தது. இதைச் சொல்லும்போது அக்கா 'நிறைய' என்ற இடத்தில் கொஞ்சம் நிற்பார். அந்தத் தண்ணீரை அவர்கள் குடித்தார்கள். குடிக்காமல் என்ன செய்வது?

அதற்குப் பிறகு முகாம், விசாரணை, விண்ணப்பம், புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பது, கடைசியில் அக்காவின் தம்பி கூப்பிட்டு நியூசிலாந்து. அந்தக் கானின் மூடிவரைக்கும் இருவருக்கும் ஒரே கதைதான். அதற்குப் பிறகு இரண்டு கதை. அக்காவுக்கு மகன் இறந்துவிட்டான். அவனுக்கு ஒரு பூசை வேண்டும், நவம்பரில் கோயிலில் வாசிக்கும் மரித்தோர் பட்டியலில் அவன் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை அந்தரத்தில் நிற்கிறான் என்பது அவருடைய வேதனை. அண்ணைக்கு மகன் எங்கோ இருக்கிறான். உயிரோடு இருக்கிறவனின் பெயரைச் செத்தவர்களோடு சேர்த்து வாசித்தால், அது பெற்றவர்களே அவனைக் கொல்வது.

அவரிடம் ஆதாரம் இருந்தது. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கத்தரிச்செடிக்குத் தண்ணீர் விட்டபடி, அதை எனக்கு எடுத்துச் சொன்னார்.

"செத்திருந்தால் வந்திருப்பான் தம்பி. அவன் என்னைக் கேக்காமல் ஒரு இடத்திலை நிக்கமாட்டான். இவ்வளவு வருசமா வரேல்லை. அப்ப?"

அப்ப என்ற சொல்லை என் கையில் தந்துவிட்டு அடுத்த செடிக்குப் போனார். ஒருவன் பேயாக வரவில்லை, ஆகவே உயிரோடு இருக்கிறான். என் மேசைக்கு இப்படி ஒரு கோரிக்கை வந்திருந்தால் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். கையில் குழாயோடு நின்ற அந்த மனிதரிடம் கத்தரி எப்போது காய்க்கும் என்று மட்டும் கேட்டேன். அவர் அந்த ஒரு வாரம் முழுக்கப் பேய் பார்த்தது பொழுதுபோக்குக்கு அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. செத்தவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்ற சட்டத்தை அவர் படித்துக்கொண்டிருந்தார். சட்டம் தெரிந்தால்தானே வராதவனைப் பற்றி உறுதியாக இருக்கலாம்.

சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது: கடல். பேய் கடல் தாண்டுமா? வீடு மாறியது அதற்குத் தெரியுமா? வன்னியில் கூரை போன ஒரு வீட்டின் வாசலில் அவன் வந்து நின்றுகொண்டிருந்தால்? இரண்டு ஒக்டோபர் அவர் இந்தக் கவலையோடு மெலிந்தார். மூன்றாவது ஒக்டோபரில், நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருக்கும்போது அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடாத மனிதர், ஏதோ நடந்துவிட்டது என்று வெளியே ஓடிப்போய் எடுத்தேன். கொட்டகையில் தேநீர் இடைவேளை; பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. முதல்நாள் பார்த்த படம் ஒன்றில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் நாட்டை விட்டே போகிறது. ஆறு மாதம் கழித்துப் புது வீட்டுப் படிக்கட்டில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கப்பலில் வந்தது, விலாசம் கேட்காமல் வந்தது. அதிலே ஒரு பிழையும் இல்லை, கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்றார். "தேடி வருவினம் தம்பி" என்று இரண்டுதரம் சொன்னார். அவ்வளவு சந்தோசமான குரலில் யாரும் எனக்குப் பேயைப் பற்றிச் சொன்னதில்லை. கூட்டத்துக்குத் திரும்பிப் போய், குடும்பத்தில் ஒரு நல்ல செய்தி என்று சொல்லி வைத்தேன். கைதட்டினார்கள்.

ஒவ்வொரு ஒக்டோபரின் கடைசி நாளும் பிள்ளைகள் வேடம் போட்டு இனிப்பு வாங்க வருவார்கள். வெயில் கண்ணில் குத்த, வியர்த்து ஒழுகியபடி எலும்புக்கூடுகள் நடந்து வரும். பின்னால் தாய்மார் தண்ணீர்ப் போத்தலோடு. அண்ணை வீட்டுக் கதவை அண்ணைதான் திறப்பார், அக்காவை விடமாட்டார். ஒருமுறை நானும் அங்கே இருந்தேன். சின்னதுகளின் பின்னால் உயரமாக ஒருவன், வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தலையோடு மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றான். பதினெட்டு, பத்தொன்பது வயதின் உயரம். அண்ணையின் கையில் சொக்லேற் கிண்ணம். மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தார். அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்தில், அவருக்கு இருந்த கொஞ்ச ஆங்கிலத்தில், முகத்தைக் காட்டு என்றார். அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். அண்ணை மறுபடி சொன்னார். பிறகு தமிழில், மெதுவாக, "காட்டப்பு" என்றார்.

துணிக்குள் இருந்தவனுக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று. விரிப்பைத் தூக்கினான். பருவும் சிவந்த கன்னமுமாக யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெடியன். அண்ணை கிண்ணத்தோடு முழுவதையும் அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். குசினியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தமிழ்ப் பூசையில் மரித்தோர் பட்டியலைத் தட்டச்சு செய்பவன் நான். தமிழ் எழுத்துருக்கள் தெரிந்த ஒரே ஆள் என்று யாரோ பரப்பிய வதந்தியால் கிடைத்த பதவி. நவம்பர் தொடக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் செத்தவர்களின் பெயர்களைத் தரும். பூசையில் அவை ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். வாசிக்கவேண்டாம், பீடத்தடிப் பெட்டிக்குள் வைத்தால் போதும் என்றும் சிலர் தருவார்கள். என் வேலை சுலபமானது. போன வருடத்துக் கோப்பைத் திறந்து, புதியவர்களைச் சேர்ப்பது. அந்தப் பட்டியலிலிருந்து யாரும் வெளியே போவதில்லை.

விரிப்புப் போர்த்திய பெடியன் வந்த அந்த வருடம், அண்ணை வேலைக்குப் போயிருந்த நேரம், அக்கா வேலிக்கு மேலால் ஒரு துண்டைத் தந்தார். நாலாக மடித்தது.

"வாசிக்கவேண்டாம் தம்பி. பெட்டிக்குள்ளை மட்டும். அவருக்குத் தெரியவேண்டாம். எனக்கு நித்திரை வரேல்லை."

ஓம் அக்கா, ஓம் அக்கா என்றேன். அன்றைக்கே கணினியில், வாசிக்கும் பெயர்களுக்குக் கீழே நாலைந்து வரி இடைவெளி விட்டு அந்தப் பெயரைத் தட்டினேன். அச்சடிக்கமுன் வெட்டித் தனித் தாளில் எடுக்கலாம் என்று எண்ணம். சனிக்கிழமை றக்பி பார்த்தேன். ஞாயிறு காலை பிந்தி எழும்பி, அவசரத்தில் அச்சடித்துக்கொண்டு ஓடினேன். மற்றவர்களின் படிவங்களில் விடுபட்ட ஒரு கையெழுத்துக்காக மூன்று மாதம் கடிதம் எழுதுகிறவன் நான்.

வாசித்தவர் நல்ல குரலுள்ள ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர். கடைசிப் பெயரை வாசித்தார். கீழே இடைவெளியைக் கண்டார். மூச்சை இழுத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்து, தாளில் தனியாக நின்ற அந்த ஒரு பெயரை, மற்ற எல்லாப் பெயர்களையும்விடத் தெளிவாக, நிறுத்தி வாசித்தார்.

இரண்டாம் வரிசையில் அண்ணையின் பிடரி எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை. பக்கத்தில் அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும். ஓடிவிடலாம் என்று கதவடிக்குப் போனேன். கடதாசிக் கோப்பையோடு அவர் என்னிடம் வந்தார்.

"ரைப் பண்ணினது நீங்களோ தம்பி?"

"ஓம் அண்ணை."

"எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை" என்றார். கோப்பையை அங்கேயே யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

நான் கெடுத்தது எவ்வளவு என்பது பிறகுதான் தெரிந்தது. அவருடைய சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டாம். செத்தவனை நாலுபேர் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் வந்தே ஆகவேண்டும். கோயில் நிறைய ஆட்களுக்கு முன்னால் நான் அவனைக் கூப்பிட்டுவிட்டேன். இனி அவர் செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது, காத்திருப்பது. வேலையால் வந்து, தொலைக்காட்சியைப் போடாமல், கதிரையைத் திருப்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். போர்வையைக் கழற்றிவிட்டார். நவம்பர் வெயில் அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அவர் உட்கார்ந்திருப்பது தெரியும். காற்றுக்குக் கதவு அசைந்தால் எழும்பி நிற்பார். அந்த மாதம் எங்கள் வாசலுக்கு வெங்காயப் பை வரவில்லை. அக்கா என்னோடு கதைக்கவில்லை. நான் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுக்கவும் அவர்களுடைய கார் போகும்வரை பார்த்திருந்தேன்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை கதவைத் திறந்தால், வெங்காயப் பை. அதன் பின்னால் அண்ணை. ஒரு சுற்று மெலிந்திருந்தார். முகம் சவரம் செய்து பளிச்சென்றிருந்தது.

"நாப்பது நாள் முடிஞ்சுது தம்பி. கோயிலிலை பேர் வாசிச்சும் வரேல்லை. அப்ப?"

எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார். அவரிடம் இல்லாத கடைசி ஆதாரத்தை நான்தான் கொடுத்தேனாம். பையை வாங்கிக்கொண்டேன். குசினி மேசையில் வைத்து ஒவ்வொன்றாகக் கழுத்தை அமத்திப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தன. அடுத்த ஒக்டோபரில் போர்வை மறுபடி ஆணிக்கு ஏறியது. மகனின் பெயரை நான் ஒரு தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு வருடமும் தனித் தாளில் எடுத்து, என் கையாலேயே பெட்டிக்குள் போட்டேன். அக்கா கேட்டது அதைத்தான்.

போன வருடத்துக்கு முந்தின ஆண்டு, ஜூனில், அண்ணைக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். கண்டுபிடிக்கும்போதே வெளித்தோல் மட்டும்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. ஜூலையில் ஒரு பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கோப்பி வாங்கக் கீழே போயிருந்தார். சுவர்த் தொலைக்காட்சியில் யாரோ ஒரு தம்பதி பழைய வீடு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பழைய வீடு, ஒரு பேயையும் காணேல்லை என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இனி ஒரு வழிதான் தம்பி இருக்கு. நேரை போய்ப் பாக்கிறது. அங்கை நிண்டானெண்டால் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவன். இவளுக்குக் காட்டவேணும்."

இல்லாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. பெருவிரல் படுக்கை விரிப்பை ஒருமுறை அமத்தியது. நாலாம் நாள் அவர் போய்விட்டார். அவர் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல என்ன முகம் இருக்கிறது எனக்கு?

ஒக்டோபர் வந்தது. பட்டியலைத் திறந்தேன். அண்ணையின் பெயரைச் சேர்த்தேன். பிறகு, இனித் தடுப்பதற்கு ஆள் இல்லை, அக்கா இவ்வளவு காலம் ஆசைப்பட்டது இதுதானே என்று, தனிக் கோப்பில் கிடந்த மகனின் பெயரை எடுத்துத் தகப்பனின் பெயருக்குக் கீழே, இடைவெளி விடாமல் வைத்தேன். இந்தமுறை கேட்காமல் அச்சடிக்கும் துணிவு இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். முதல் பெயரை விரலால் தடவினார். இரண்டாவதில் விரல் நின்றது.

"இதை எடுங்கோ தம்பி."

"வாசிக்காமல் பெட்டிக்குள்ளை வைக்கட்டோ அக்கா?"

"பெட்டிக்குள்ளையும் வேண்டாம்."

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை வருடமும் அந்தப் பெயரை வைக்கச் சொல்லி நித்திரையில்லாமல் இருந்தவர். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அவர் வந்தவர். போன கிழமை. காலமை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டனான். உங்கடை வேலியடியிலை நிண்டு என்னைப் பாத்தவர்." கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "தனியத்தான் வந்தவர்."

காப்புறுதிக்காரனின் மூளை உடனே வேலை செய்தது. என்னிடம் சொன்னதை அவர் அக்காவிடமும் சொல்லியிருப்பார். துக்கத்தில் இருக்கும் மனம், கூசும் வெயில், கொடியில் ஆடும் துணி. எல்லாம் சரி. கோரிக்கையைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணங்கள். சுட்டியை அந்தப் பெயரின் கடைசியில் வைத்துப் பின்னோக்கி அழித்தேன். தமிழில் எழுத்து ஒரேயடியாகப் போகாது. முதலில் புள்ளி போனது, பிறகு எழுத்து, பிறகு கொம்பு, பிறகு அடுத்த எழுத்து. கடைசி எழுத்து போகும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். போனதும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறன் என்று உட்கார்ந்தார்.

இந்த வருடமும் பட்டியலைத் திறந்திருக்கிறேன். அண்ணையின் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாகக் கிடக்கிறது. அதை மூடிவிட ஒரு விசை தட்டினால் போதும். பின்னேரம் ஆறு மணி. அடுத்த வீட்டில் அக்கா கதிரை மேல் ஏறி, கண்ணாடிக் கதவில் போர்வையை மாட்டிக்கொண்டிருக்கிறார்.